காரும் மாலையும் நிழற்படமும்

சங்கப் பாடல்களைப் பாராட்டப் புகுவோர் இந்நாளில் பெரிதும் எடுத்தாளும் உவமை ஒன்று உண்டு. புலவர் இயற்கையை நிழற்படம் எடுத்தாற்போலக் காட்டியுள்ளார் என்பது அது. தேர்வு விடைத்தாள்களில் இதனைக் காணாத ஆண்டு இல்லை. கருத்தரங்கக் கட்டுரைகளிலும் இது குறைவின்றி வருகிறது. யானும் இப்பழக்கத்திற்கு விலக்கல்லேன். முனைவர்ப் பட்டத்திற்கு அளித்த ஆய்வேட்டில், முல்லைப் பாடல்களைப் பற்றிய இயலில், இவ்வுவமையைப் பல இடங்களில் ஆண்டுள்ளேன். அவ்வியலை இப்பொழுது எடுத்துப் படிக்குங்கால், அப்பாராட்டு முல்லைப் பாட்டிற்கும் பொருந்தவில்லை, நிழற்படக் கலைக்கும் பொருந்தவில்லை என்பது தெளிவாகிறது. அங்ஙனம் கருதுதற்குரிய காரணங்களை எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வெண்ணம் தோன்றுதற்கு வாயிலாக அமைந்தவை இரண்டு படங்கள். எம் முதுகலை மாணவர் ஒருவர் கோவை மாவட்டத்துச் சூலூரைச் சார்ந்தவர். படம் எடுப்பதில் பெருவிருப்புடையவர். சூலூர்ப் பெரிய குளத்தின் கரையில் நின்று, ஞாயிறு படும் பொழுதில் திரண்டெழுந்த மேகங்களை இருவேறு நாள்களில் அவர் எடுத்திருந்தார். இரண்டு படங்களிலும் வானத்தின் பெரும்பகுதியை மேகமே கவிந்திருந்தது; விளிம்பில் செம்மை, வயிற்றில் கருமை; கீழே தென்னைகள் கரிய கோடுகளாக நின்றன; குளத்து நீர் அவ்வளவையும் தலைகீழாகத் தாங்கிக் கிடந்தது. நாளும் திங்களும் சொல்லாமல் இரண்டையும் என்முன் வைத்து, எந்த மாலையில் மழை பெய்தது என்று கூற முடியுமா என வினவினார். யான் நெடுநேரம் நோக்கி, செம்மை மிக்கிருந்த படத்தைச் சுட்டினேன். அது தவறு. அப்படம் ஆடித் திங்களில் எடுக்கப்பட்டது. அன்று சில துளித் தூறலோடு மேகம் கிழக்கே போய்விட்டது. மற்றையது புரட்டாசியின் இறுதியில் எடுக்கப்பட்டது; அன்று இரவெல்லாம் இடியும் மழையுமாக இருந்ததாம்.

அதன்பின் அவர் சொன்ன செய்தி இன்னும் கருதத்தக்கது. அப்படங்களைத் தம் அப்பாருவிடம் காட்டினாராம். அம்முதியவர் வேளாண்மை செய்தவர். படங்களை வாங்கிப் பார்த்துவிட்டு, ‘காத்து எந்தப் பக்கமிருந்து வந்துச்சு கண்ணு?’ என்று ஒன்றே கேட்டாராம். படத்தில் விடையில்லாத வினா அது. மேற்கிலிருந்து என்றதும், அது மழை மேகம் அன்று என்று சொல்லிப் படத்தைத் திருப்பித் தந்துவிட்டாராம்.

முதியவரின் விடைக்கு நிலவியற் காரணம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடித் திங்களில் மேல்காற்று புகுந்து வீசும். அக்காற்றுக் கொணரும் ஈரத்தின் பெரும்பகுதி மலைக்கு மேற்கிலும் மலையுச்சியிலும் பெய்து தீர்கிறது. கொங்குச் சமவெளி மழைமறைவில் இருப்பதால் அதற்குக் கிடைப்பது சாரலும் நிழலுமே. மலையில் பெய்தது நொய்யலின் வழியே வந்து சேர்தல் வேறு செய்தி. கோவைப் பகுதியின் ஆண்டுச் சராசரி மழையளவு 700 மில்லிமீட்டரை ஒட்டியது. அதிற் பெரும்பங்கு புரட்டாசிக்குப் பின் கீழ்த்திசையிலிருந்து வரும் பருவத்தால் கிடைப்பது. ஆகவே அவ்வூரில் ஆடி மாலையின் மேகம் கண்ணுக்கு எத்துணைப் பெரிதாயினும், உழவர்க்கு அது சொல்லும் செய்தி சிறிது. புரட்டாசி மாலையின் மேகம் தோற்றத்தில் அதனோடு ஒத்திருந்தும் பொருளில் வேறாகிறது. நிழற்படம் இரண்டனையும் ஒரே உண்மையோடு காட்டுகிறது. காட்டியவற்றுள் எது மெய் என்பதை அது கூறுவதில்லை.

இனி இலக்கணத்திற்கு வருவோம். தொல்காப்பியப் பொருளதிகாரம் முல்லைத் திணைக்குப் பெரும்பொழுதாகக் காரையும், சிறுபொழுதாக மாலையையும் வகுத்துள்ளது. கார் என்பது ஆவணியும் புரட்டாசியும் என்பது உரையாசிரியர் கொள்கை. எனவே மேகம் திரண்ட மாலை வானம் என்பது முல்லையின் முதற்பொருளே ஆகும். ஐந்திணையுள் வேறெதற்கும் அவ்விரண்டும் ஒருங்கே உரியன அல்ல. (நெய்தலுக்குரிய எற்பாடு ஞாயிறு படும் பொழுதைக் குறிக்கும் என்பாரும், காலையைக் குறிக்கும் என்பாரும் உளர், அவ்வாராய்ச்சி இங்கு வேண்டுவதன்று.) காரையும் மாலையையும் இணைத்ததில் புலவர் கற்பனை மட்டுமே உண்டு எனக் கருதுதலும் கூடாது. பகலெல்லாம் நிலம் வெப்பமுற, அந்நிலத்தைச் சார்ந்த ஈரக்காற்று மேலெழுந்து குளிர்ந்து, பிற்பகலில் மேகமாகத் திரண்டு, மாலையில் இடியோடு பெய்தல் இந்நாட்டு இயல்பு. கண்டறிந்த இவ்வியல்பின்மேல் நின்றே இலக்கணம் பேசுகிறது. ஆயினும் கண்டதைக் கண்டவாறே எழுதுதல் முல்லைப் பாடல்களின் தொழில் அன்று. கண்டது எதனைக் குறிக்கிறது என்னும் வழக்கே அவற்றின் தொழில். இதனைக் குறுந்தொகையின் மூன்று பாடல்களைக் கொண்டு நிறுவலாம்.

முதலாவது, கோவத்தனார் பாடிய 66ஆம் பாட்டு. தலைவன் வருவதாகக் குறித்துச் சென்ற பருவம் கார். மழை பெய்துவிட்டது, கொன்றை மரங்கள் கிளைதோறும் கொத்துக் கொத்தாகப் பூத்துவிட்டன, அவன் வரவில்லை. அதுகண்டு கலங்கிய தலைவியிடம் தோழி, இக்கொன்றைகள் அறிவில்லாதன என்கிறாள். காலமல்லாத காலத்துப் பெய்த மழையைக் கார் என்று எண்ணி ஏமாந்து பூத்துவிட்டன என்பது அவள் வாதம். அம்மழைக்கு அவள் இடும் அடைமொழி ‘வம்பு’ என்பது. இன்று வீண் சண்டைக்கும் ஊர்ப்பேச்சுக்கும் பெயராகிவிட்ட இச்சொல், அங்கே புதிதாய் வந்து நிலையாது கழிவதைக் குறிக்கிறது. சூலூர் மாணவரின் ஆடிப் படத்திற்கு இதனினும் பொருத்தமான பெயர் வேண்டுமோ?

இப்பாட்டில் கொன்றை பூத்த காட்சி உண்டு, மழை உண்டு. அவற்றைப் படம் எடுத்துவிடலாம். ஆனால் பாட்டு நிற்பது அக்காட்சியின்மேல் அன்று. அக்காட்சியைச் சான்றாக ஏற்க மறுக்கும் பேச்சின்மேல். பின்னும் ஒன்று. பருவம் வந்தது கண்டு வருந்திய தலைவியைப் பருவம் அன்று எனத் தோழி வற்புறுத்தியது என்பது துறைக்குறிப்பின் கருத்து. அங்ஙனமாயின் வந்தது மெய்யாகவே கார். தோழி அறிந்தே பொய் கூறுகிறாள். துறைக்குறிப்பை விலக்கிவிட்டுப் பாட்டை மட்டும் நோக்கினால், அவள் கூற்று மெய்யாகவும் இருக்கலாம். அதே கொன்றை, அதே மழை; இரு பொருளுக்கும் அவை இடந்தருகின்றன. காட்சி மாறாமலே பொருள் தலைகீழாகும் இவ்விடத்தில், படம்போல் உள்ளது என்று பாராட்டுவோர் எதனைப் பாராட்டுகின்றனர்?

இரண்டாவது, ஓதலாந்தையார் பாடிய 21ஆம் பாட்டு. இங்கே மறுப்பவள் தலைவி. வண்டு மொய்க்கும் புதுப்பூக்களோடு கொன்றைகள் நிறைந்த காடு, இது கார்காலம் என்று சொல்கிறது; சொன்னாலும் யான் நம்பமாட்டேன்; அவர் பொய் சொல்லாதவர் என்கிறாள் அவள். கண்முன் நிற்கும் காட்டின் சாட்சியமும், கண்ணுக்குத் தோன்றாத ஒருவன் சொல்லிச் சென்ற சொல்லும் எதிரெதிரே நிற்கின்றன. அவள் சொல்லை மெய்யென்று கொண்டு, காட்டைப் பொய்யென்று தள்ளுகிறாள். இது பேதைமை எனின் பேதைமையே. ஆயினும் முல்லைக்குரிய உரிப்பொருளாகிய இருத்தல் என்பது இப்பேதைமையில்தான் உயிர்பெறுகிறது. ஆற்றியிருத்தல் என்றால் கைகட்டி அமர்ந்திருத்தல் அன்று. நாள்தோறும் தன்னைப் பொய்யாக்க முயலும் வானத்தோடும் காட்டோடும் வழக்காடிக்கொண்டிருத்தல். தலைவியின் வழக்கில் எதிர்த்தரப்பிற்குச் சான்றாகக்கூடியது நிழற்படம். அதனையே அப்பாட்டிற்குப் பாராட்டாக்குவது பொருந்துமா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது மிளைப்பெருங்கந்தனார் பாடிய 234ஆம் பாட்டு. நம் பொருளுக்கு இதுவே தலையாயது. ஞாயிறு மறைய, வானம் சிவக்க, முல்லை மலரும் பொழுதை மாலை என்று சொல்லுகிறவர்கள் மயங்கியவர்கள் என்று தலைவி தொடங்குகிறாள். சேவல் கூவும் விடியலும் மாலைதான், பகலும் மாலைதான், துணையில்லாதவர்க்கு, என்று முடிக்கிறாள். சிவந்த வானத்தை அறியாத புலவர் அல்லர் இவர். ஒரு சில சொற்களில் அதனை நிறுத்திக் காட்டுகிறார். காட்டியது நிலைபெறுமுன்பே, இதனை மாலை என்போர் மயங்கினர் என்று அதனைத் தள்ளிவிடுகிறார். படம் பிடிப்போர் காத்திருந்து பெறும் அச்செவ்வானம், இப்பாட்டில் மறுக்கப்படுவதற்காகவே எடுத்து வைக்கப்பட்டது. பல பாடநூல் விளக்கங்களில் இப்பாட்டின் முற்பகுதியை மட்டும் எடுத்து இயற்கை வருணனைக்கு எடுத்துக்காட்டாகத் தரும் வழக்கம் உள்ளது. வழக்கில் எதிரியின் கூற்றைப் படித்துவிட்டு, அதுவே தீர்ப்பு என்று எழுதிக்கொள்வதை அது ஒக்கும்.

திருக்குறளில் பொழுதுகண்டு இரங்கல் என்னும் 123ஆம் அதிகாரமும் இம்மரபினதே. மாலையையே முன்னிலைப்படுத்திப் பேசும் அவ்வதிகாரத்தில் வானத்தின் நிறம் பேசப்படவில்லை. மாலையை நெருப்போடு ஒப்பிடும் குறள் ஒன்று அங்கே உண்டு. செந்நிறம் பற்றிய உவமை எனக் கொள்ள அது இடந்தருவதுபோல் தோன்றும். ஆனால் முன்பு குளிர்ந்திருந்தது இப்பொழுது சுடுகிறது என்பதுபட, சுடுதல் பற்றியே பரிமேலழகர் உரை வகுத்தார். உரைமரபின் உள்ளம் எப்பக்கம் சாய்ந்தது என்பதற்கு இதுவே போதிய சான்று.

இதுகாறும் கூறியவை பாட்டின் பக்கத்து நியாயம். நிழற்படத்தின் பக்கத்து நியாயத்தையும் கூறாதொழிதல் முறையன்று. நிழற்படம்போல் என்று நாம் எழுதும்போது, உள்ளதை உள்ளவாறே பதியும் கருவி ஒன்றை நினைத்துக்கொள்கிறோம். மேகத்தைப் பொறுத்தவரை அத்தகைய கருவி என்றும் இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வழங்கிய நெகட்டிவ் தகடுகள் நீல ஒளிக்கு மிகுதியாக இடங்கொடுப்பன. நிலமும் கடலும் தெளிவாக விழும் அளவுக்கு ஒளி விட்டால் வானம் வெறும் வெண்மையாகிவிடும். வானத்துக்கு ஏற்ப விட்டால் நிலம் இருண்டுவிடும். பிரான்சு நாட்டுக் குஸ்தாவ் லெ கிரே 1856, 1857ஆம் ஆண்டுகளில் எடுத்த புகழ்பெற்ற கடற்காட்சிகள் சிலவற்றில், கடலை ஒரு நெகட்டிவிலும் மேகத்தை மற்றொரு நெகட்டிவிலும் எடுத்து, அச்சிடும்போது ஒன்றாக்கினார். அக்கடலின்மேல் அம்மேகம் அந்நேரத்தில் நின்றதில்லை.

தமிழ்நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. கம்பெனியின் சென்னைப் படையில் பணியாற்றிய லின்னேயஸ் டிரைப் 1857-58ஆம் ஆண்டுகளில் மதுரை, தஞ்சை, புதுக்கோட்டை முதலிய இடங்களுக்குச் சென்று கோயில்களையும் கோட்டைகளையும் படமெடுத்தார். அவர் பயன்படுத்தியது மெழுகூட்டிய தாள் நெகட்டிவ். வானம் வெறுமையாக விழுந்த இடங்களில் அவர் நெகட்டிவின்மீது கையால் மை தீட்டி மேகங்களை உண்டாக்கினார். நெகட்டிவில் தீட்டிய இடம் அச்சில் வெளுத்துத் தோன்றும் ஆதலின், மேகம் இயல்பாகவே அமைந்ததுபோல் காணப்பட்டது. இதே டிரைப் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை, 21 படங்களாக எடுத்து ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். கல்வெட்டில் ஓரெழுத்தும் தாமாகச் சேர்க்காத கை, வானத்தில் மேகத்தைச் சேர்க்கத் தயங்கவில்லை. எழுத்துச் சான்று, மேகம் அழகு என்னும் பாகுபாடு அவர் உள்ளத்தில் இருந்திருத்தல் வேண்டும். முல்லைத் தலைவியர்க்கோ மேகமே எழுத்து; அதனைப் படித்தறிவதில்தான் அவர்தம் துயரெல்லாம் அடங்கியுள்ளது.

இன்று நிலைமை மாறிவிட்டது என்று கருதவேண்டா. எம் மாணவரின் கைப்பேசிக் காமிரா, பொத்தானை ஒருமுறை தொட்டதும், வெவ்வேறு ஒளியளவில் பல படங்களை எடுத்து, வானத்தை ஒன்றிலிருந்தும் நிலத்தை மற்றொன்றிலிருந்தும் கொண்டு இணைத்துவிடுகிறது. லெ கிரே இருட்டறையில் உழைத்துச் செய்ததை அது கண்ணிமைப்பில் செய்கிறது. மேலும், ஞாயிறு அடிவானத்தை அணுகும்போது ஒளி மிகுந்த காற்றுவெளியைக் கடந்து வருதலின் நீலம் சிதறிச் செம்மை எஞ்சுகிறது. ஞாயிறு மறைந்தபின் சில நிமிடங்களுக்கு அச்செவ்வொளி மேகத்தின் அடிப்பகுதியில் படுகிறது. நம் நாட்டில் அந்தி விரைந்து மறைவது. அச்சில நிமிடங்களுள் எதனைத் தேர்வது, எவ்வளவு ஒளி விடுவது, தென்னையைச் சேர்ப்பதா விலக்குவதா என்பன எல்லாம் எடுப்பவர் கருத்தைச் சார்ந்தவை. நல்ல நிழற்படக் கலைஞர் உள்ளதைப் பதிபவர் அல்லர். உள்ளவற்றுள் ஒன்றைத் தேர்ந்து அதுவே எல்லாம் என்று நம்மை நம்பச் செய்பவர். ஆகவே நிழற்படம்போல் என்பது கலைஞருக்கும் இழுக்கு.

அமெரிக்க நாட்டு ஆல்பிரட் ஸ்டீகிலிட்ஸ் 1922 முதல் பல ஆண்டுகள் மேகங்களையே படமெடுத்தார்; தம் உள்ளத்து உணர்வுக்கு இணையானவை என்னும் கருத்தில் அவற்றுக்குப் பெயரும் இட்டார். இதனை உள்ளுறையோடும் இறைச்சியோடும் ஒப்பிடத் தோன்றும். ஒப்பிட்டு எழுதிய மாணவர் கட்டுரைகளையும் கண்டுள்ளேன். ஒப்புமை சிறிதே. அவர் படங்கள் பலவற்றில் நிலமே இல்லை. எத்திசை, எவ்வூர், எப்பருவம் என்று அறிய வழியில்லை. முல்லையின் மேகத்திற்கோ கீழே எப்பொழுதும் கன்று உண்டு, கூரை உண்டு, பூ உண்டு, நாள் எண்ணும் ஒருத்தி உண்டு. நிலத்தை நீக்கிய மேகம் ஒருவருடைய உணர்வாகலாம், திணை ஆகாது.

மேகத்திற்குத் தமிழில் வழங்கும் பெயர்களையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்த்தல் தகும். இங்கிலாந்து நாட்டு லூக் ஹோவர்டு 1802ஆம் ஆண்டில் மேகங்களை வகைப்படுத்தி இலத்தீன் பெயர்களை இட்டார். குவியல், படலம், சுருள் எனப் பெரும்பாலும் வடிவு பற்றிய பெயர்கள் அவை. நம் பள்ளி நூல்களில் திரள்மேகம், படைமேகம், கீற்றுமேகம் என வழங்குவன அவற்றின் வழிவந்தவையே. நின்று நோக்கும் கண்ணுக்கு உரிய பெயர்கள் என அவற்றைக் கூறலாம். பழந்தமிழ்ப் பெயர்களோ தொழில் பற்றியன. கொண்மூ என்பது நீரைக் கொண்டது. எழிலி என்பதை எழுதல் என்னும் வினையோடு இயைத்துப் பார்த்தல் பொருந்தும், எழில் என்னும் சொல்லோடு இயைப்பாரும் உளராயினும். மழை என்னும் சொல்லே பெய்யும் நீருக்கும் பெய்யாத மேகத்துக்கும் பொதுவாக வழங்கிற்று. கார் நிறத்தில் தொடங்கி, மேகமாகி, பருவமாகி, அப்பருவத்து விளையும் நெல்லாகவும் ஆயிற்று. தோற்றத்தை நிறுத்திப் பார்க்காமல், அது எங்கிருந்து வந்தது, என்ன செய்யப்போகிறது என்று வினவும் உள்ளத்தின் சொற்கள் இவை. சூலூர் முதியவர் கேட்ட வினாவும் இவ்வகையினதே.

அந்தி வானத்தின் நிறத்தைத் தமிழ்ப் புலவர் புறக்கணித்தனர் என்று யான் கூறவில்லை. நிறம் வேண்டிய இடத்தில் அதனை நன்கு ஆண்டனர். அகநானூற்றுக் கடவுள் வாழ்த்தில் பாரதம் பாடிய பெருந்தேவனார் இறைவன் மேனிக்குச் செவ்வானத்தையும், எயிற்றுக்கு அவ்வானத்துப் பிறையையும் உவமை கூறினார். காரைக்காலம்மையார் அற்புதத் திருவந்தாதியில், மேனிக்குக் காலையையும், நீற்றுக்கு நண்பகலையும், சடைக்கு மாலையையும், மிடற்றுக்கு இருளையும் நிறுத்தி ஒரு முழுநாளையே ஓருருவாக்கினார். இவை வழிபாட்டுப் பாடல்கள். கண்டு நிற்றலே அங்குப் பயன். முல்லையில் கண்டு நிற்றல் போதாது. கண்டது ஆறுதலா கேடா என்று துணிந்தாக வேண்டும். ஆகவே நிறம் அங்கே பின்தள்ளப்படுகிறது.

எதிர்த்தரப்பார்க்கு வலிய சான்றாகக் கூடியது நக்கீரர் பாடிய நெடுநல்வாடை. 188 அடிகளில் மழைநாளின் காட்சிகளை அடுக்கிச் செல்லும் அப்பாட்டைச் சொல்லோவியம் என்று கூறாதார் இலர். அதனுள் நம் பொருளுக்கு உரிய இடத்தை மட்டும் நோக்குவோம். மேகம் வானை மூடிவிட்டது. வீட்டில் வாழும் புறாச் சேவல் பேடையோடு இரைதேடச் செல்லாது, இரவோ பகலோ என மயங்கிச் செயலற்றிருக்கிறது. மாலை வந்ததா என்று மகளிர்க்கும் தெரியவில்லை. அவர்கள் என்ன செய்தனர்? பிச்சி அரும்பு இதழ்விரிந்து மணந்தபோது, பொழுது வந்தது என்று அம்மணத்தால் அறிந்து விளக்கேற்றினர்.

மேகம் மிக்க மாலையைப் பற்றித் தமிழில் உள்ள மிக நுண்ணிய இடம் இதுவே என்று துணிந்து கூறுவேன். ஆனால் அங்கே மாலையே தெரியவில்லை. ஞாயிறு இல்லை, செம்மை இல்லை, மேகத்தின் விளிம்பும் இல்லை. படம் எடுக்க வந்தவர் காமிராவை மூடிக்கொண்டு வீடு திரும்பும் நாள் அது. கண் தோற்ற அவ்விடத்தில் புலவர் மூக்கைக் கொண்டு பொழுதை அறிவிக்கிறார். இதனை ஓவியம் என்றால், ஓவியம் எதனைக் காட்டாதோ அதனைக் காட்டிய ஓவியம் என்றே சொல்லவேண்டும்.

இறுதியாக முல்லைப்பாட்டு. காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் பாடிய 103 அடிகளையுடைய இப்பாட்டு, பத்துப்பாட்டுள் மிகச் சிறியது. கார்கால மாலையில் தொடங்குவது. கடல்நீரைப் பருகி வலமாக எழுந்து மலையைத் தழுவிப் பெய்த மேகத்திற்கு, மாவலி நீர் வார்க்க நெடிது வளர்ந்த திருமால் உவமை. கருநிறம் இவ்வுவமையில் அடங்கியிருப்பது மெய்யே. எனினும் உவமையின் உயிர் வளர்ச்சியில் உள்ளது. சிறிதாய் இருந்தது நீர் கையில் விழுந்த கணத்தில் உலகை அளக்கும் அளவு நிமிர்ந்தது என்பதில் உள்ளது. ஒரு கணத்தை அறுத்தெடுக்கும் நிழற்படத்திற்கு வளர்ச்சி புலப்படாது. அசையும் படம் காட்டுமே எனின், காட்டும்; மேகம் திரள்வதை விரைவுபடுத்திக் காட்டும் படங்கள் இன்று எளிதிற் கிடைக்கின்றன. அவற்றிலும் அடுத்து வரும் செய்தி இராது.

அடுத்து வரும் செய்தி யாது? பாட்டு ஆறடிகளில் வானத்தை விட்டு இறங்கிவிடுகிறது. முதுபெண்டிர் நெல்லும் முல்லையும் தூவி வழிபட்டு, ஊர்ப்புறத்தே விரிச்சி கேட்டு நிற்கின்றனர். குளிரால் தோளைக் கட்டிக்கொண்ட ஆய்ச்சிறுமி ஒருத்தி, தாயைக் காணாது கலங்கும் கன்றை நோக்கி, உன் தாயர் இப்பொழுதே வந்துவிடுவர் என்கிறாள். அச்சொல் நற்சொல் எனக் கொண்டு, தலைவன் வருவான் என்று பெண்டிர் தலைவிக்கு உரைக்கின்றனர். வானத்தில் அத்துணைப் பெரிய மேகம் நிற்க, அதனை விடுத்து ஒரு சிறுமி கன்றுக்குச் சொன்ன சொல்லில் அவர்கள் சான்று தேடினர். தலைவி அதற்கும் தேறவில்லை. அவள் கண்ணீர் வடிக்கிறாள். பின்னர்ப் பாட்டு பாசறைக்குச் சென்று, உறக்கமின்றிக் கிடக்கும் அரசனைக் காட்டி, மீண்டும் தலைவியிடம் வருகிறது. எழுநிலை மாடத்தில் பாவைவிளக்கின் ஒளியில் அவள் கிடக்கிறாள். அவள் வானத்தைப் பார்க்கவில்லை. கூரையின் வளைந்த இறப்பிலிருந்து விழும் மழைநீரின் ஓசையைக் கேட்டுக் கிடக்கிறாள். அவ்வாறு கேட்டுக் கிடந்தவளின் செவி நிறையத் தலைவன் தேரிற் பூட்டிய குதிரைகள் ஆரவாரிக்கின்றன. பாட்டு முடிகிறது. அவள் அவனைக் கண்டாள் என்று புலவர் சொல்லவில்லை.

கண்ணை நிறைக்கும் மேகத்தில் தொடங்கிச் செவியை நிறைக்கும் ஒலியில் முடியும் இவ்வொழுங்கு, பாட்டின் அடிகளை அவை கிடந்தவாறே கொண்டு படித்தால்தான் புலப்படும். நச்சினார்க்கினியர் அடிகளை மாட்டு என்னும் முறையால் முன்பின்னாக இயைத்து உரை கண்டார். பின்னாளில் மறைமலையடிகள் எனப் பெயர்கொண்ட வேதாசலனார், 1903ஆம் ஆண்டில் வெளிவந்த தம் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் அம்முறையை மறுத்து, பாட்டின் போக்கிலேயே பொருள் காண முயன்றார். ஆய்வேடு எழுதிய காலத்தில் யான் நச்சினார்க்கினியர் பக்கம் நின்றேன். காட்சிகளைத் தனித்தனிப் படங்களாகக் கருதினமையால், அவற்றை எம்முறையில் அடுக்கினாலும் ஒன்றே என்று அப்பொழுது தோன்றிற்று.